இருவர் மட்டுமே செல்லும் சிறு பாய்ப்படகில் கரையோரப் பயணம்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். 26 அடி நீளமுள்ள பாய்ப்படகில் கணவன் மனைவி இருவர் மட்டும் இரண்டு வாரங்கள் கரையோரமாகச் சென்று வர முடியுமா. நாளொன்றுக்கு 50 கடல்மைல் வீதம் திட்டமிட்டால் சரியாக இருக்குமா. ஆழ்கடலுக்குப் போகாமல் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே செல்வதால் ஆபத்து குறைவுதானே. முதல் கேள்விக்கு, முடியும் என்பதே பதில். இரண்டாவதற்கு, அதில் பாதியைத் திட்டமிடுங்கள் என்பேன். மூன்றாவது கேள்வியில் நீங்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் உண்மைக்கு நேர்மாறானது. நானும் என் கணவரும் ஏறத்தாழ இதே அளவுள்ள படகில் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறோம் என்பதால், கையேடுகள் சொல்வதோடு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படகு சிறியது என்ற கவலையை முதலில் விட்டுவிடலாம். எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் தம்பதியர் 1952 முதல் 1955 வரை உலகையே சுற்றிவந்த வாண்டரர் 3 என்ற படகின் நீளம் 30 அடிதான். லின் பார்டி, லாரி பார்டி தம்பதியர் தாங்களே கட்டிய, எஞ்சினே இல்லாத, 24 அடிச் செராஃபின் என்ற படகில் ஆண்டுக்கணக்கில் கடலோடினார்கள். நல்ல நிலையில் உள்ள 26 அடிப் படகு உங்களைவிட அதிகம் தாங்கும். கவனிக்க வேண்டியது படகின் நீளத்தை அன்று, அதில் ஏறுபவர்களின் எண்ணிக்கையை.

இருவர் செல்லும் படகை ஒருவர் செல்லும் படகாகவே கருத வேண்டும் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. கீழே வரும் மற்றவை எல்லாம் அதன் கிளைகளே. ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்கும்போது மற்றவர் உறங்கிக்கொண்டோ, கடல்வரைபடத்தைப் பார்த்துக்கொண்டோ, தலைசுற்றலில் வாளியைக் கட்டிக்கொண்டோ இருப்பார். ஆகவே பாயை ஏற்றுவது, இறக்குவது, சுருக்குவது, திசைமாற்றுவது என எந்த வேலையானாலும் ஒருவர் தனியாகச் செய்து முடிக்கும்படி படகு அமைந்திருக்க வேண்டும். சுக்கானைச் சிறிது நேரம் விட்டு நகர்வதற்கு ஒரு தானியங்கிச் சுக்கான் இல்லையென்றால், மற்ற ஆடம்பரங்களுக்கு முன் அதை வாங்குங்கள். சலிப்பில்லாமல், சாப்பாடு கேட்காமல் நாள் முழுவதும் படகை நேராக ஓட்டும் மூன்றாவது ஆள் அது. கூடவே, இருவரில் யார் தனித்துவிடப்பட்டாலும் படகை ஒரு துறைமுகத்துக்குள் கொண்டுசெல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மாலுமியாகவும் மற்றவர் விருந்தாளியாகவும் போகும் படகில், அந்த மாலுமிக்குக் கை முறிந்தால் இருவருமே விருந்தாளிகள்.

இனித் தூரத்துக்கு வருகிறேன். கடல்மைல் என்பது 1,852 மீட்டர்; ஒரு மணி நேரத்தில் ஒரு கடல்மைல் செல்லும் வேகம் ஒரு நாட். நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகின் உச்சவேகத்தை நீர்மட்டத்தில் அதன் நீளமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அந்த வேகம் கிடைக்கும். 26 அடிப் படகுக்கு நீர்மட்ட நீளம் 22 அடி என்று வைத்துக்கொண்டால் 6 நாட்டுக்குச் சற்று மேலே வரும். இது எல்லாம் கூடிவரும்போது தொடும் எல்லை. சராசரியாக 4 நாட் கிடைத்தால் அன்று நல்ல நாள். அந்த வேகத்தில் 50 கடல்மைல் என்பது பன்னிரண்டரை மணி நேரம். அதுவும் காற்று சாதகமாக இருந்தால்தான். போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வந்தால் பாய்ப்படகு அதை நோக்கி நேராகச் செல்ல முடியாது. இருபுறமும் சுமார் 45 பாகை சாய்ந்து, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அப்போது 25 மைல் தூரம் 35 மைலாக நீள்கிறது. படகு காற்றின் போக்கில் பக்கவாட்டில் ஒதுங்குவதையும் அலை அதைத் தடுத்து நிறுத்துவதையும் சேர்த்தால் இன்னும் நீளும். எனவே நாளுக்கு 25 மைல் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு ஒரு நாள் எங்கும் போகாத நாளாகவும் இருக்கட்டும். திரும்பி வரவேண்டிய தேதியைப் பிடித்துக்கொண்டு மோசமான வானிலையில் புறப்படுவதைவிடப் படகை ஏதாவதொரு துறைமுகத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் வீடு திரும்புவது அறிவுடைமை. நாங்கள் அப்படி ஒருமுறை திரும்பியிருக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது, வலுவாக உள்ள கடல்களில் அட்டவணையைப் போடுவது கடிகாரமன்று, நிலவு. அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். நீரோட்டமும் அப்போதுதான் வேகமெடுக்கும். 4 நாட் வேகத்தில் செல்லும் படகுக்கு 2 நாட் நீரோட்டம் எதிராக இருந்தால் தரையைப் பொறுத்து 2 நாட்தான் முன்னேறுவீர்கள். அதே நீரோட்டம் துணையாக இருந்தால் 6. புறப்படும் நேரத்தைச் சில மணி மாற்றியதால் மட்டும் மூன்று மடங்கு வேறுபாடு. நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்கும் இடங்களில் மாலுமிகள் கையாளும் பன்னிரண்டில் பங்கு விதியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என நீர் ஏறும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் நீர் 3.6 மீட்டர் ஏறுமானால் முதல் மணியில் 0.3, இரண்டாம் மணியில் 0.6, மூன்றிலும் நான்கிலும் தலா 0.9, ஐந்தில் 0.6, ஆறில் 0.3 மீட்டர் என ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதி நீர் வந்துசேர்கிறது. நீரோட்டம் மிகக் கடுமையாக இருப்பதும் அப்போதே. மணல்திட்டு உள்ள முகத்துவாரத்துக்குள் நுழைய வேண்டுமானால் ஏற்றத்தின் கடைசிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வற்றத்தின் வேகம் வெளியே பாயும் நேரத்தில் கடலிலிருந்து அலை உள்ளே வந்தால், இரண்டும் மோதி அந்த வாயில் அலைகள் செங்குத்தாக எழும்பி உடையும். இரண்டு மைல் வெளியே அமைதியாக மிதந்த படகு அங்கே புரண்டுவிடக்கூடும்.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வியும் வருகிறது. படகை உடைப்பது பெரும்பாலும் தண்ணீர் அன்று, தரை. ஆழ்கடலில் காற்று அடித்தால் பாய்களைச் சுருக்கி, படகைக் காற்றின் போக்கில் ஒதுங்கவிட்டு, உள்ளே படுத்துக்கொள்ளலாம். மோதுவதற்கு எதுவும் இல்லை. கரையோரத்தில் அந்த வெளி கிடையாது. காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும்போது, கரைக்கு அருகில் உள்ள படகு ஒவ்வொரு நிமிடமும் பாறையை நோக்கியே தள்ளப்படுகிறது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றால் மீள்வதற்குச் சில நிமிடங்களே உண்டு. எஞ்சின் அந்த நேரம் பார்த்தே நிற்கும் என்பதற்கும் காரணம் உண்டு. டீசல் தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் படிந்திருக்கும் கசடு, அலை படகைக் குலுக்கும்போதுதான் கிளம்பி வந்து வடிகட்டியை அடைக்கிறது. ஆகவே புறப்படுமுன் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள், மாற்று வடிகட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற இருவரும் பழகுங்கள். கடலுக்குள் நீளும் நிலமுனைகளைச் சுற்றும்போது வரைபடத்தில் பாதுகாப்பாகத் தோன்றுவதைவிட ஒரு மைல் கூடுதலாகவே விலகிச் செல்லுங்கள்.

கடற்காற்றின் பழக்கத்தையும் அறிந்துகொள்வது நல்லது. வெயிலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. வெயில் நாட்களில் இது முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சமடைந்து, மாலையில் தளர்கிறது. இரவில் திசை மாறி நிலத்திலிருந்து மெல்ல வீசும். அதிகாலையில் புறப்பட்டுப் பிற்பகலுக்கு முன் அடுத்த இடத்தில் நங்கூரமிட்டுவிடுபவர்கள் இந்த முரட்டு நேரத்தைக் கரையில் இருந்து வேடிக்கை பார்க்கலாம். நாங்கள் விடியலுக்கு முன்பே எழுந்துகொள்வதற்கு இதுதான் காரணமே தவிர, சூரியோதயத்தின் அழகு அன்று, சூரியோதயமும் அழகுதான்.

புதியவர்கள் அநேகமாக அனைவரும் விழும் ஒரு பொறி பின்காற்று. 16 நாட் காற்று பின்னாலிருந்து வீச, நீங்கள் 5 நாட் வேகத்தில் அதனோடு ஓடும்போது, படகில் நிற்பவருக்கு அது 11 நாட்டாகத்தான் உறைக்கும். வெயில் இதமாக இருக்கும், படகு நிமிர்ந்தே செல்லும், பாய் முழுவதும் விரிந்திருக்கும். தொப்பி விழுந்தது என்று எடுக்கத் திரும்பிய அதே கணத்தில், காற்றும் படகின் வேகமும் எதிரெதிராகச் சேர்ந்து ஏறத்தாழ 20 நாட்டாக முகத்தில் அறையும். பாயின் மீதான அழுத்தம் காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். இருவர் மட்டுமே உள்ள படகில் பாயைச் சுருக்க வேண்டிய நேரம், சுருக்கலாமா என்ற எண்ணம் முதன்முதலாக எழும் நேரமே. யாருக்கு எழுந்தாலும் சரி, மற்றவர் விவாதிக்கக்கூடாது. தேவையில்லாமல் சுருக்கிவிட்டால் அரை நாட் வேகம் குறையும், அவ்வளவுதான்.

ஒருவர் கடலில் விழுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இருவர் படகில் அது நடந்தால் படகில் மிஞ்சுவது ஒருவர். 5 நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல் சென்றுவிடுகிறது. அலையிடையே ஒரு மனிதத் தலை அந்தத் தொலைவிலிருந்து மிதக்கும் தேங்காயைவிடப் பெரிதாகத் தெரியாது. கண்ணை எடுத்தால் மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். தனியாக இருப்பவர் விழுந்தவரைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும், படகைத் திருப்பவும் வேண்டும், உதவி கேட்கவும் வேண்டும். நாங்கள் ஒரு வாளியை மிதவையோடு சேர்த்துக் கட்டி, அறிவிப்பின்றிக் கடலில் எறிந்து பழகினோம். முதல் நாள் அதை நான் மூன்றாவது முயற்சியில்தான் பிடித்தேன்.

அதன்பின் ஒரு கோடை நாளில், அலையே இல்லாத நங்கூரத்தலத்தில், என் கணவர் மிதவை அங்கியோடு நீரில் இறங்கி, உடலைத் தளர்த்திக்கொண்டு, "நான் மயங்கிவிட்டேன், என்னை மேலே ஏற்று" என்றார். படகின் விளிம்பு நீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. நான் அவரது அங்கியின் வாரைப் பிடித்து, காலை விளிம்பில் ஊன்றி இழுத்தேன். அவரது தோள்கள் நீருக்கு மேலே வந்தன. அவ்வளவுதான். கையை விட்டதும் மீண்டும் அமிழ்ந்தார். சிரித்துக்கொண்டேதான் இருந்தோம், ஆனால் மூன்றாவது முறை இழுத்தபின் நான் சிரிக்கவில்லை. பிறகு பெரும்பாயின் குறுக்குமரத்தைக் கட்டுப்படுத்தும் கப்பித் தொகுதியைக் கழற்றி, அதைப் பாயை ஏற்றும் கயிற்றின் நுனியில் மாட்டி, மறுமுனையை அவரது அங்கியில் கொக்கியிட்டு, கயிற்றை வின்ச் எனும் கயிறிழுக்கும் சுழலுருளையில் சுற்றி இழுத்தபோதுதான் அவர் ஓர் ஈரமூட்டையைப் போல மெல்ல மேலே வந்தார். அந்த ஏற்பாட்டைத் தேடிக் கோத்து முடிக்க எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இன்று அதற்கென்றே ஒரு தனிக் கப்பித் தொகுதி, பையில் சுருட்டியபடி, கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறது. இந்த ஒத்திகையைச் செய்யாமல் நீங்கள் புறப்படக்கூடாது. இருவரும் மாறி மாறிச் செய்யுங்கள்.

அதைவிட முக்கியம் விழாமலேயே இருப்பது. தளத்தில் நீளவாக்கில் இறுகக் கட்டிய பட்டையில் உங்கள் உடல்வாரின் கயிற்றைக் கொக்கியிட்டு நடமாடுங்கள். தனியாகச் சுக்கானில் இருப்பவர், மற்றவர் உறங்கும்போது, கொக்கியைக் கழற்றவோ முன்தளத்துக்குச் செல்லவோ கூடாது. தேவைப்பட்டால் உறங்குபவரை எழுப்ப வேண்டும். இரவில் எழுப்புவதற்கு இரக்கப்பட வேண்டியதில்லை. கண்விழித்துப் பார்க்கையில் படகில் யாரும் இல்லாததைவிட அது நல்லது.

நங்கூரமிடும் வேளைதான் தம்பதியர் பலரும் சண்டையிடும் வேளை. எஞ்சின் இரைச்சலில் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்பவர் சொல்வது பின்னால் இருப்பவருக்குக் கேட்காது. கத்துவார், பதிலுக்கு அவரும் கத்துவார். முன்னே, பின்னே, நிறுத்து, இடம், வலம் என்று ஐந்து கைச்சைகைகளை வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டால் இது தீர்ந்துவிடும். கணவர் சுக்கானிலும் மனைவி நங்கூரச் சங்கிலியிலும் நிற்பதைப் பல படகுகளில் காண்கிறேன். அதன் தர்க்கம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பலம் வேண்டியது சங்கிலிக்கு, நிதானம் வேண்டியது சுக்கானுக்கு. எங்கள் படகில் நான்தான் சுக்கான்.

சங்கிலியின் நீளத்தைக் கணக்கிடும்போது அப்போதைய ஆழத்தை மட்டும் பார்ப்பவர்கள் நள்ளிரவில் நகர்ந்துபோவார்கள். நீங்கள் நங்கூரமிடும்போது ஆழம் 4 மீட்டர்; நீருக்கு மேல் அணியத்தின் உயரம் 1 மீட்டர்; இரவில் நீர் இன்னும் 2 மீட்டர் ஏறும் என்றால், கணக்கிட வேண்டிய ஆழம் 7 மீட்டர். சங்கிலி மட்டுமே என்றால் குறைந்தது அதன் நான்கு மடங்கு, சங்கிலியோடு பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு விட வேண்டும். 16 மீட்டர் போதும் என்று எண்ணிய இடத்தில் 28 மீட்டர் ஆகிறது. விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரம் பிடித்துவிட்டதா என்று இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு கம்பமும் நேர்கோட்டில் தெரிகின்றனவா என்று குறித்துக்கொண்டு உறங்கச் செல்லுங்கள். கைப்பேசியின் நங்கூர எச்சரிக்கைச் செயலியும் இருக்கட்டும், ஆனால் மரம் மின்கலம் தீர்ந்து அணைவதில்லை.

கரையோரத்தில் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் அதிகம். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் பாய்ப்படகுக்கு முன்னுரிமை தருகின்றன என்பதைப் பாதி மட்டும் கேட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. குறுகிய கால்வாயில் மட்டுமே செல்ல முடிந்த கப்பலுக்குப் பாய்ப்படகோ 20 மீட்டருக்குக் குறைவான படகோ இடையூறாக இருக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில்தான் உள்ளது. வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்கும் பாய்ப்படகே விலகிக் கொடுக்க வேண்டும். 18 நாட் வேகத்தில் வரும் கப்பல் 3 கடல்மைலைப் பத்தே நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே "கீழே போய் ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்பது இங்கே நீண்ட நேரம். துறைமுக வாயில்களில் வழியின் ஓரத்தைக் காட்டும் சிவப்பு மிதவை எந்தப் பக்கம் இருக்கும் என்பதும் உலகெங்கும் ஒன்றாக இல்லை. உள்ளே நுழையும்போது உலகின் பெரும்பகுதியில் அது இடப்புறம். அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸிலும் வலப்புறம்.

மற்றப் படகுகளோடும் கரையோடும் பேச உதவும் வி.எச்.எஃப். வானொலியை இருவருமே இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். அபாய அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. படகின் பெயர், இருக்குமிடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டிய வாசகத்தை எழுதி வானொலியின் அருகிலேயே ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் சொந்தப் படகின் பெயரே நாவில் வராது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒவ்வொரு முறையும் உருளையின் வாயிலேயே மூடுங்கள். குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்தபின் விழுங்கிப் பயனில்லை, புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலைசுற்றுபவரிடம் சுக்கானைக் கொடுத்து அடிவானத்தைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் தேறிவிடுவார்.

புறப்படுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு எங்களிடம் ஒரே விதிதான் உண்டு: இருவரில் யார் வேண்டாம் என்றாலும் வேண்டாம், காரணம் கேட்கக்கூடாது. ஒருமுறை காலை ஐந்து மணிக்கு, கயிறுகளை அவிழ்க்கும் கட்டத்தில், என் கணவர் வானத்தைப் பார்த்துவிட்டு "இன்று வேண்டாம்" என்றார். முன்னறிவிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. நான் கயிற்றை மீண்டும் கட்டினேன். அருகிலிருந்த மூன்று படகுகள் கிளம்பிப் போயின. அன்று நாள் முழுவதும் மென்காற்று, தெளிந்த வானம், இதைவிட நல்ல நாள் அந்தப் பயணத்தில் வாய்க்கவில்லை. மாலையில் அவர் தளத்தில் அமர்ந்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு கயிற்று முனையைப் பிரித்து மீண்டும் பின்னிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கயிறுகளை அவிழ்த்தோம்.